முப்பிடாதி பந்தல் ஸ்டோர் பேஜுக்கு மாறிய கதை

கொக்குமடையில் நாலு பேர் இருக்கிறார்கள். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு பந்தல் கடை, ஒரு மினி லாரி, அறுநூறு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மூளை. அந்த மூளையையும் ஏதோ விசேஷ வீட்டுக்கு வாடகைக்கு விட்டுவிட்டுத் திரும்ப எடுத்துவர மறந்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. ஊரார் பேசுவதையெல்லாம் நம்பக் கூடாது. வாடகைக்கு விட வேண்டுமானால் முதலில் சரக்கு கையில் இருந்திருக்க வேண்டும்.

முதல் மூவர் அண்ணன் தம்பிகள். மூத்தவர் பலவேசம். ஒரு விஷயத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டால் அதிலிருந்து இம்மியும் நகராத உறுதிக்காரர். அடுத்தவர் கொம்பையா. எதையும் யோசித்துத்தான் பேசுவார். யோசிக்காமல் பேசியிருந்தால் பல காரியங்கள் ஒழுங்காக நடந்திருக்கும். மூன்றாவது தளவாய். கணக்கில் புலி என்று பெயர். நாற்காலியை எண்ணி எண்ணி வாங்கிய பெயர். நாலாவது ஆள் தம்பி இல்லை, பலவேசத்தின் மனைவியோடு பிறந்த சங்கிலி. அவனுக்குச் செல்போனைத் தடவத் தெரியும் என்பதால் படித்தவன் என்று மற்ற மூவரும் மதித்தார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் சங்கிலிதான் கடைக்கு முகநூலில் கணக்கு ஆரம்பித்தான். ஆட்கள் தங்களுக்கு ஆரம்பிக்கிற கணக்கைக் கடைக்கு ஆரம்பித்தான். முதல் பெயர் என்ற இடத்தில் முப்பிடாதி, கடைசிப் பெயர் என்ற இடத்தில் பந்தல் ஸ்டோர். ஆணா பெண்ணா என்று கேட்டபோது நாலு பேரும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஆலோசித்தார்கள். அம்மன் பெயர் இருப்பதால் பெண் என்றார் கொம்பையா. உள்ளே இருக்கிற நாலு பேரும் மீசை வைத்திருப்பதால் ஆண் என்றார் பலவேசம். மூத்தவர் சொல் நின்றது. திருமணமானவரா என்ற கேள்விக்கு, இதுவரை நானூறு கல்யாணம் ஆகியிருக்கிறதே என்று ஆமாம் போட்டார்கள். வருஷா வருஷம் கடை திறந்த தேதியில் பந்தல் ஸ்டோருக்குப் பிறந்தநாள் வாழ்த்து வரும். ஒவ்வொரு வாழ்த்துக்கும் நாலு பேரும் தனித்தனியாக நன்றி சொல்வார்கள்.

இப்படியே நண்பர்கள் சேர்ந்து சேர்ந்து ஐயாயிரத்தைத் தொட்டது. ஒரு ஆளுக்கு ஐயாயிரம் நண்பர்தான், அதற்குமேல் இடமில்லை என்று போன் சொல்லிவிட்டது. ஐயாயிரத்து ஒன்றாவதாக நட்பு கேட்டு வாசலில் வந்து நின்றவர் அரிசி ஆலை முதலாளி திருமலையப்பன்.

அவர் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். ஆலையின் நெல் களத்திலேயே பெரிய பந்தலாகப் போடப் போகிறார் என்று ஊருக்கே தெரியும். அந்த வேலை யாருக்குக் கிடைக்கிறதோ, அவர்களைத் தேடித்தான் சுற்றுப்பட்டியில் உள்ள பெரிய வீட்டுக்காரர்கள் எல்லாரும் இனி வருவார்கள். கிடைக்காவிட்டால் கீழத்தெருவில் புதிதாகக் கடை போட்டிருக்கும் ராஜபாளையத்துக்காரனுக்குப் போய்விடும். அவன் வந்த ஒரு வருஷத்தில் முப்பிடாதிக்குக் காதுகுத்தும் கருமாதியும்தான் மிஞ்சியிருந்தன. மினி லாரியின் டயரில் கோழி அடைகாத்தது. பலவேசம் நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து, உட்கார ஆள் இல்லாத அறுநூறு நாற்காலியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அந்தக் கவலை மட்டும் நிஜம். அதில் முட்டாள்தனம் ஏதும் இல்லை.

ஆலை நாலு தெரு தள்ளித்தான் இருந்தது. நடந்து போய், மொதலாளி கூப்பிட்டீங்களாமே என்று கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்கிறவர்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை.

“யாராச்சும் ஒருத்தர எடுத்துட்டு இவரச் சேத்துருவோம் அத்தான்,” என்றான் சங்கிலி.

“யாரல எடுக்கது?” என்று கேட்டார் பலவேசம்.

கொம்பையா யோசித்தார். “போஸ்ட்மேன் வைகுண்டத்த எடுப்போம். அவரு செத்து ஒரு வருசம் ஆச்சு. வந்து கேக்கவா போறாரு?”

“செத்தவன் கேக்க மாட்டான்னு அவன் நட்ப முறிக்கதா? நாளைக்கு நாம அங்க போனா அவரு மூஞ்சில முழிக்கணும்லா.”

இதை நாலு பேரும் ஒப்புக்கொண்டார்கள். உயிரோடு இருப்பவர்களை எடுத்தால் இங்கேயே முழிக்க வேண்டும், அது இன்னும் கஷ்டம் என்றான் தளவாய். வேறு வழியில்லாமல் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ஞானசௌந்தரியிடம் போனார்கள். அந்த ஊரில் விவரம் தெரிந்த மனுஷி அவள். அதனாலேயே அவளுக்கு எப்போதும் தலைவலி.

சௌந்தரி பொறுமையாகச் சொன்னாள். இது ஆளுக்கான கணக்கு, இதில் ஐயாயிரம்தான். கடைக்கென்று தனியாகப் பேஜ் இருக்கிறது. அதற்கு எண்ணிக்கை கிடையாது, நட்பு கேட்டு யாரும் காத்து நிற்கவும் வேண்டாம், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். சொல்லிவிட்டு அவளே அரை மணி நேரத்தில் ஒரு பேஜை ஆரம்பித்துக் கொடுத்தாள். அதில் படம் போடுவது எப்படி என்று சங்கிலிக்கு மூன்று தரம் காட்டினாள். மறுநாள் தங்கச்சி பிரசவத்துக்காக நாகர்கோவில் போகிறாள், திரும்ப ஒரு மாசம் ஆகும். அதனால் மீதி வேலையை ஒரு வெள்ளைத்தாளில் ஐந்து வரியாக எழுதினாள்.

கடை பேஜுக்கு மாறிவிட்டது என்று எல்லாருக்கும் தெரிவிக்கவும். நல்ல கவர் போட்டோ போடவும். சொந்தப் பேச்சு வேண்டாம், இனி கடைப் பெயரில்தான் பேச வேண்டும். ஃபாலோயர் முந்நூறு பேராவது சேர்க்கவும். பேஜில் காட்டுவதும் நேரில் செய்வதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

தாளைக் கொடுத்தவள், “இதுல எழுதியிருக்கத மட்டும் செய்யுங்க அண்ணாச்சி. சொந்தமா எதையும் யோசிக்காதீங்க,” என்றாள்.

பாவம், பயந்துபோய்ச் சொன்னாள். ஆனால் யோசிக்காமல் இருப்பதில் அந்த நாலு பேரையும் மிஞ்ச இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது.

மறுநாள் காலை கடை ஷட்டரை இறக்கிப் பூட்டினார்கள். ‘இக்கடை பேஜுக்கு மாறிவிட்டது’ என்று அட்டையில் எழுதி ஷட்டரில் தொங்கவிட்டார்கள். மாறிப்போன கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே உட்காருவது ஜனங்களை ஏமாற்றுவதாகும் என்று பலவேசம் கருதினார். அதனால் நாலு பேரும் எதிரே உள்ள வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள்.

பத்து மணிக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வந்தார். பேரனுக்குக் காதுகுத்து, நூறு நாற்காலி வேண்டும். அட்டையைப் படித்துவிட்டு மரத்தடிக்கு வந்து, பேஜ் எந்தப் பக்கம் இருக்கிறது என்று விசாரித்தார். தங்களுக்கும் தெரியாது என்றும், சௌந்தரி வந்தால்தான் தெரியும் என்றும் கொம்பையா மரியாதையாகச் சொன்னார். மனிதர் பஸ் ஸ்டாண்ட் வரை போய்த் தேடிப் பார்த்தார். அங்கே ஆட்டோக்காரர்கள் அவரை ராஜபாளையத்துக்காரன் கடையில் கொண்டுபோய் விட்டார்கள்.

“பேஜ அவரு கண்டுபிடிச்சிட்டாரு போல,” என்றான் தளவாய். “திரும்பி வரவே இல்லையே.”

அடுத்தது கவர் போட்டோ. கவர் என்றால் என்ன என்று விவாதம் வந்தது. மற்றவர்களாக இருந்தால் தடுமாறியிருப்பார்கள். இவர்கள் தொழில்காரர்கள். கல்யாண வீட்டில் நாற்காலிக்குக் கவர் போட்டு, பின்னால் முடிச்சுப் போடுகிற கைகள்.

“நாக்காலிக்குப் போடுத கவர்தான் கடைக்கும்,” என்றார் கொம்பையா. “கவரப் போட்டுப் போட்டோ எடுக்கணும். அதான் கவர் போட்டோ.”

கம்பு நட்டு, கயிறு கட்டி, வெள்ளைத் துணியும் சிவப்பு ஜாலர்த் தொங்கலுமாகக் கடையை மூடினார்கள். ஷட்டர், அட்டை, பெயர்ப் பலகை, பக்கத்தில் நின்ற மினி லாரி, அதில் அடைகாத்த கோழி எல்லாம் துணிக்குள் போயின. ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. வேலை என்று இறங்கிவிட்டால் நாலு பேருக்கும் கை சுத்தம். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு தொய்வு இல்லை. தரையிலிருந்து உச்சி வரை மடிப்பு மடிப்பாகத் துணி இறங்கி நின்ற அழகைப் பார்த்தால் உள்ளே ஏதோ ராஜாங்கம் நடக்கிறது என்று தோன்றும். உள்ளே தளவாய் இருந்தான். அடித்துணியை இழுத்துக் கட்டப் போனவனை அப்படியே வைத்து மூடிவிட்டார்கள். மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதுதான் ஆள் குறைவது தெரிந்தது. அதையும் கண்டுபிடிக்க நேரமாகிவிட்டது, எண்ணுகிறவன் அவன்தானே.

சங்கிலி ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று படம் எடுத்துப் பேஜில் போட்டான். துணியை அவிழ்க்கலாமா என்று கேட்டதற்கு, பேஜில் காட்டுவதும் நேரில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற ஐந்தாவது வரியைப் பலவேசம் எடுத்துக் காட்டினார். அத்தோடு கொக்குமடையில் முப்பிடாதி பந்தல் ஸ்டோர் என்ற கடை எங்கே இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாமல் போயிற்று.

மூன்றாவது வரி பலவேசத்தின் வீட்டில் போய் முட்டியது. சொந்தப் பேச்சு வேண்டாம், கடைப் பெயரில் பேச வேண்டும். பெண்டாட்டி பேச்சியம்மாள் சாப்பிட வரச் சொன்னாள். அவர் இலை முன்னால் உட்கார்ந்து, “முப்பிடாதி பந்தல் ஸ்டோருக்கு ரசம் மட்டும் போதும்,” என்றார். பேச்சியம்மாள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். இருபத்தாறு வருஷமாக அவரைப் பார்த்து வருகிறவள், அதனால் பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

“பந்தல் ஸ்டோருக்கு இங்க சோறு கிடையாது,” என்றாள். “இது பலவேசத்துக்குப் பொங்கின சோறு. அவுக வந்தா வரச் சொல்லுங்க.”

பலவேசம் வெகு நேரம் காத்திருந்தார். பலவேசம் வரவில்லை. எழுந்து போய் மரத்தடியில் சங்கிலியின் பொட்டலத்தில் பாதியை வாங்கிச் சாப்பிட்டார். கொண்ட கொள்கைக்காகப் பட்டினி கிடந்தவர்கள் நாட்டில் எத்தனையோ பேர் உண்டு. தன் பங்குச் சோற்றுக்குத் தானே வராமல் போனவர் இவர் ஒருவர்தான்.

எல்லாவற்றிலும் கடினமானது நாலாவது வரி. ஃபாலோயர் என்றால் பின்னால் வருகிறவர் என்று சங்கிலி விளக்கினான். முந்நூறு பேர் பின்னால் வர வேண்டும். பலவேசம் முன்னே நடக்க, மூவரும் பின்னே நடக்க, ஒரு நாள் முழுக்கத் தெருத்தெருவாகச் சுற்றினார்கள். தளவாய் அவ்வப்போது திரும்பி எண்ணினான். மத்தியானம் வரை மூன்றுதான், அதாவது அவர்கள் மூவர். சாயங்காலம் ஒரு ஆட்டு மந்தை பின்னால் வந்தது. எண்பத்தாறு என்று தளவாய் துள்ளினான். பிறகு ஆடுகள் வாய்க்கால் பக்கம் திரும்பிவிட்டன. நாலு பேருக்கும் மனம் தளர்ந்துபோயிற்று. ராஜபாளையத்துக்காரன் பேஜுக்கு ஆயிரம் பேர் என்று சங்கிலி வேறு சொல்லியிருந்தான். ஆயிரம் பேர் பின்னால் வர அந்த மனிதன் எப்படித்தான் நிம்மதியாக வெளிக்குப் போகிறானோ என்று கொம்பையா அனுதாபப்பட்டார்.

ஒரு வாரம் கழித்து ஆலையில் நாற்பது வருஷம் மேஸ்திரியாக இருந்த வெயிலுகந்தான் காலமானார். நல்ல மனிதர். ஊரே திரண்டு வந்தது. மேளம் அடித்துக்கொண்டு பாடை தெருமுனை திரும்பியபோது மரத்தடியில் உட்கார்ந்திருந்த தளவாய் அந்தக் கூட்டத்தைப் பார்த்தான். அவன் வாழ்க்கையில் தானாகத் தோன்றிய யோசனை அது ஒன்றுதான்.

“அண்ணே, அவ்வளவு பேரும் இந்தப் பக்கந்தான் வாராவ. நாம முன்னால போய் நின்னு நடந்தா எல்லாரும் நமக்குப் பின்னாலதான்.”

நாலு பேரும் ஓடிப்போய் மேளக்காரர்களுக்கு முன்னால் நின்று நடக்க ஆரம்பித்தார்கள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, சுடுகாட்டை நோக்கி மெதுவாக நடந்தார்கள். தளவாய் மட்டும் பின்னோக்கி நடந்து எண்ணினான். இரண்டு தரம் கல் தடுக்கியும் எண்ணிக்கை பிசகவில்லை. முந்நூற்றுப் பதினொன்று. பாடையில் இருப்பவரைச் சேர்த்தால் முந்நூற்றுப் பன்னிரண்டு.

“அவரச் சேக்கலாமா?” என்று தளவாய் மெல்லக் கேட்டான்.

“அவரும் நமக்குப் பின்னாலதான வாராரு,” என்றார் பலவேசம்.

“ஆனா நடந்து வரலையே.”

“நடந்துதான் வரணும்னு சௌந்தரி எழுதலையே.”

கொம்பையா நூறு அடி தூரம் யோசித்தார். “அவரு விருப்பப்பட்டு வரல. தூக்கிட்டு வாராவ. மனசில்லாம வாரவரச் சேக்கது தொழிலுக்கு அழகில்ல.”

ஆக முந்நூற்றுப் பதினொன்று என்று முடிவாயிற்று. நாலு பேர் முகத்திலும் ஒரு வருஷத்துக்குப் பிறகு தெம்பு வந்தது. அழ வேண்டிய இடத்தில் சிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறோம், இவர்களோ சிரிக்கக் கூடாத இடம் என்று தெரிந்து அடக்கிக்கொண்டு வந்ததால் அவர்கள் முகம் கோணிக்கொண்டு அழுவதுபோலவே இருந்தது. செத்தவர் மகன்களைவிட இவர்கள் அதிகம் துக்கப்படுவதாகத் தெருவில் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

சுடுகாட்டில் சடங்கு முடிந்தது. முடிந்ததும் ஊர் வழக்கப்படி ஜனங்கள் திரும்பிப் பார்க்காமல் ஆற்றுக்குப் போய்க் குளித்துவிட்டு அந்த வழியாகவே வீட்டுக்குப் போய்விட்டார்கள். நாலு பேரும் ஊர்ப் பாதையில் கொஞ்ச தூரம் பெருமையாக நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது பின்னால் ஒரு நாய் நின்றது. அதுவும் இவர்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போயிற்று.

அவ்வளவுதான், சங்கிலி சுடுகாட்டு மதிலோரம் உட்கார்ந்து அழுதுவிட்டான். அவனைப் பார்த்துத் தளவாய் அழுதான். தம்பிகள் அழுவதைப் பார்த்துப் பெரியவர்களும் அழுதார்கள். இந்த அழுகை நிஜம். ஒரு வருஷத்து வேலையில்லாத அழுகை எல்லாம் அதில் சேர்ந்திருந்தது.

கடைசி ஆளாகப் புறப்பட்ட ஆலை முதலாளி திருமலையப்பன் இதைப் பார்த்தார். எல்லாரும் போன பிறகும் சுடுகாட்டில் உட்கார்ந்து அழுகிற நாலு பேர். கிட்டே வந்து பலவேசத்தின் தோளைத் தொட்டார்.

“போனது போயாச்சு. அழுதா திரும்பியா வரப்போகுது?”

“ஒருத்தர் ரெண்டு பேருன்னா மனசத் தேத்திக்கலாம் மொதலாளி,” என்றார் பலவேசம். “இருந்தவ்வளவு பேரும் ஒரேயடியாப் போனா எப்பிடித் தாங்க?”

மனித வாழ்க்கையைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக ஒருவர் பேசித் திருமலையப்பன் கேட்டதில்லை. நீங்கள் யார் என்று விசாரித்தார். முப்பிடாதி பந்தல் ஸ்டோர் என்று நாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். ராஜபாளையத்துக்காரனுக்கு முன்பணம் கொடுக்க அன்று சாயங்காலம் ஆள் அனுப்புவதாக இருந்தவர் அவர். அந்த எண்ணத்தை அங்கேயே விட்டார். ஒரு மேஸ்திரிக்காகக் கடையை மூடிவிட்டு வந்து அழுகிறவர்கள் கையில் மகள் கல்யாணத்தை ஒப்படைத்தால் ஒரு குறையும் வராது என்று அவருக்குப் பட்டது. இதிலிருந்து, முட்டாள்தனம் ஏழை வீட்டுக்கு மட்டும் போகிற விருந்தாளி இல்லை என்று தெரிகிறது.

“ஒங்க பேஜப் பாத்தேன்,” என்றார் அவர். “ஒரே ஒரு படம்தான் இருந்துச்சு. ஆனா வெள்ளையும் செவப்புமாத் துணி கட்டியிருந்த நேர்த்தி, நான் எங்கயும் பாத்ததில்ல. அதே மாதிரி போட்டுருங்க. ஒரு இம்மி மாறக் கூடாது.”

“மாறாது மொதலாளி,” என்றார் பலவேசம். அந்த வாக்கைக் காப்பாற்றினார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையிலேயே வேலையை ஆரம்பித்தார்கள். முதலாளி வீட்டுக்கும் ஆலைக்கும் நடுவே நெல் களம். வீட்டின் புறவாசல் களத்தில் திறக்கும். முன்பக்கம் தெருவைப் பார்த்து இரும்பு கேட். போனில் இருந்த படத்தைச் சங்கிலி உயர்த்திப் பிடிக்க, மூவரும் அதைப் பார்த்துப் பார்த்துக் கட்டினார்கள். படத்தில் எப்படியோ அப்படி, தரையிலிருந்து உச்சி வரை, தெருவின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை வெள்ளைத் துணி இறங்கியது. வீட்டின் முகப்பு, இரும்பு கேட், வாழைமரம், ‘நல்வரவு’ பலகை எல்லாம் துணிக்குப் பின்னால் போயின. படத்தில் மினி லாரியும் மூடியிருந்ததால் மினி லாரியையும் கொண்டுவந்து நிறுத்தி மூடினார்கள்.

பெண் வீட்டார் களத்துக்கும் வீட்டுக்கும் புறவாசல் வழியாகவே போய்வந்துகொண்டிருந்ததால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. உள்ளேயிருந்து பார்க்க நாலு பக்கமும் மாளிகை மாதிரி இருந்தது. திருமலையப்பன் சுற்றிப் பார்த்துவிட்டு ரொம்பவும் திருப்திப்பட்டார்.

மறுநாள் முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. எட்டரைக்குப் பிள்ளையார் கோயிலிலிருந்து மாப்பிள்ளை அழைப்பு புறப்பட்டது. திருமலையப்பன் பட்டு வேட்டியோடு, ஆரத்தித் தட்டு ஏந்திய பெண்களோடு, துணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாயனச் சத்தம் நெருங்கி வந்தது. மிக நெருங்கி வந்தது. பிறகு மெல்ல விலகிப் போயிற்று. ஒரு நிமிஷம் கழித்து மறுபடி வந்தது, மறுபடி போயிற்று.

வெளியே மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தரம் தெருவின் நீளம் நடந்து பார்த்துவிட்டார்கள். எங்கும் துணி. ஆலைக்கு வெள்ளை அடிக்கிறார்கள் போலிருக்கிறது, கல்யாணம் வேறு இடத்துக்கு மாறிவிட்டது என்று சிலர் சொல்ல, கூட்டத்தில் பாதி ஒரு வேனில் ஏறி அதைத் தேடிப் போய்விட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன் கோபக்காரர். வாசலே வைக்காமல் கல்யாணம் வைப்பது ‘வராதே’ என்று சொல்வதற்குத்தான், வேறு அர்த்தம் கிடையாது என்று அவர் தெருவில் நின்று சத்தமாகச் சொன்னது உள்ளே எல்லாருக்கும் கேட்டது. மணமேடையில் பெண் அழ ஆரம்பித்தாள்.

திருமலையப்பன் பலவேசத்தைக் கூப்பிட்டு, வாசல் எங்கே என்று கேட்டார்.

“பேஜ்ல வாசல் இல்லையே மொதலாளி,” என்றார் பலவேசம்.

முதலாளியிடம் இருந்த வார்த்தைகளை அந்த முகூர்த்த நேரத்தில் பயன்படுத்த முடியாது. துணியைக் கிழிக்க ஒரு ஆள் பாய்ந்தான். அவன் இழுத்த இழுப்பில் கம்பு அசைந்ததே தவிரத் துணி அசையவில்லை. முன்னமே சொன்னேன், கட்டு என்றால் அது முப்பிடாதி கட்டு. மணி பத்தை நெருங்கியது. கடைசியில் தரையோடு இருந்த துணியை இரண்டு பேர் ஒரு முழ உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார்கள். மாப்பிள்ளை மாலையோடும் தலைப்பாகையோடும் மண்டிபோட்டுத் தவழ்ந்து உள்ளே வந்தார். தட்டோடு நின்ற பெண்களுக்கு எந்தப் பக்கத்துக்கு ஆரத்தி எடுப்பது என்று தெரியவில்லை. தலை வருவதற்குள் குங்குமத் தண்ணீர் சிந்திவிட்டது. அவருக்குப் பின்னால் தாய்மாமன் தவழ்ந்தார், நாயனக்காரர் வாசித்துக்கொண்டே தவழ்ந்தார். பத்து இருபதுக்குத் தாலி ஏறியது. வெளியே நின்ற ஒருவர் அவ்வளவையும் வீடியோ எடுத்து, முப்பிடாதி பேஜின் பெயரையும் சேர்த்து முகநூலில் போட்டுவிட்டார்.

தாலி கட்டி முடிந்ததும் திருமலையப்பன் நாலு பேரையும் களத்தின் ஓரத்துக்கு அழைத்துப் போனார். அங்கே என்ன நடந்தது என்பதை அவர்கள் சொல்வதில்லை. கொம்பையா ஒரு வாரம் ஒருக்களித்துத்தான் உட்கார்ந்தார்.

நாகர்கோவிலிலிருந்து திரும்பி வந்த ஞானசௌந்தரி, கம்ப்யூட்டர் சென்டரைத் திறந்ததும் நாலு பேரும் வாசலில் நிற்பதைப் பார்த்தாள். பேஜைத் திறந்து பார்த்தவள் முதலில் திகைத்தாள். மாப்பிள்ளை தவழ்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு நாலாயிரம் பேர் சேர்ந்திருந்தார்கள். இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்தவள் முகம் வாடிப்போனது.

“அண்ணாச்சி, ஆலை மொதலாளி ஒங்களுக்கு ஒரே ஒரு நட்சத்திரம்தான் குடுத்திருக்காரு,” என்றாள். அதற்குள் ஜெராக்ஸ் எடுக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். அவள் திரும்பிக்கொண்டாள்.

நாலு பேரும் வெளியே வந்தார்கள். பலவேசத்தின் கண் கலங்கிவிட்டது.

“அவ்வளவு கோவத்துலயும் மனுசன் நமக்கு ஒரு நட்சத்திரம் குடுத்திருக்காரு பாத்தியா,” என்றார். “பெரிய மனசுல.”

“எந்த நட்சத்திரம்னு சொல்லலையே,” என்றான் தளவாய்.

இதைப் போய் முதலாளியிடம் கேட்பது நல்லதல்ல என்று கொம்பையா உட்கார்ந்த அனுபவத்தில் சொன்னார். ஆகவே தேங்காய் பழம் வாங்கிக்கொண்டு சிவன் கோயிலுக்குப் போனார்கள். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, யார் பெயருக்கு அர்ச்சனை, என்ன நட்சத்திரம் என்று கேட்டார். பெயர் முப்பிடாதி பந்தல் ஸ்டோர் என்றும், நட்சத்திரம் அரிசி ஆலை முதலாளி கொடுத்தது என்றும் பலவேசம் விளக்கினார். நாற்பது வருஷமாக இந்த ஊர் ஜனங்களோடு பழகுகிறவர் குருக்கள், மேற்கொண்டு விசாரிக்கவில்லை. எந்தத் தேதியில் கொடுத்தார் என்று மட்டும் கேட்டார். சங்கிலி போனைப் பார்த்துச் சொன்னான். குருக்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டினார்.

“அன்னிக்குக் கேட்டை.”

கேட்டை நட்சத்திரம், முப்பிடாதி பந்தல் ஸ்டோர் நாமதேயஸ்ய என்று அர்ச்சனை நடந்தது. நாலு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். திருநீறு வாங்கும்போது பலவேசம் ஒரு சந்தேகம் கேட்டார்.

“மொத்தம் எத்தன நட்சத்திரம் சாமி?”

“இருபத்தேழு.”

கொம்பையா வெகு நேரம் யோசித்தார். ஒரு கல்யாணத்துக்கு ஒரு நட்சத்திரம் என்றால், இதே மாதிரி இன்னும் எத்தனை பந்தல் போட வேண்டும் என்று தளவாயைக் கேட்டார். தளவாய் விரல் விட்டு எண்ணி, காலையும் சேர்த்துக்கொண்டு எண்ணி, இருபத்தாறு என்றான். நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். பலவேசம் துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டு, பணிவாகக் குருக்கள் பக்கம் திரும்பினார்.

“சாமி, ஒங்க வீட்டுல கல்யாண வயசுல யாரும் இருக்காவளா?”